இடிப்பதற்கு முன் ஒரு சொல்

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் இரு பொருள் தரும். ஒன்று உறைவிடம், மற்றொன்று அறம், பொருள், இன்பம் ஆகியவற்றின் முடிவில் நிற்கும் விடுதலை. உழைத்துக் களைத்தவன் சுமையை இறக்கி வைக்கும் இடமே வீடு. அவ்வீடு விதிக்கு மாறானது என்று கூறி நகராட்சி இடிக்க வரும்பொழுது, ஏழைக்கு எஞ்சும் உரிமை யாது? இவ்வினாவை இந்திய நீதிமன்றத்தின் முன் வைத்தவர்களுள் ஒருவர், நம் கள்ளக்குறிச்சிக்கு அண்டையிலுள்ள சேலத்துக் கூலித் தொழிலாளி.

நிலமற்ற அவர், வறட்சியால் வேலையிழந்து 1961இல் பம்பாய் சென்றார். நாட்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்ட ஒரு குடிசைக்காக, ஆதிக்கக்காரன் ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்தான். 1981 ஜூலை 13 அன்று, நடைபாதைவாசிகள் அகற்றப்பட்டுச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்படுவர் என முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். பத்தாம் நாள் மாநகராட்சியினர் அக்குடிசையை இடித்து, குடும்பத்தைச் சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றினர். மனைவியும் மக்களும் சேலத்தில் தங்க, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி, மீண்டும் நடைபாதையிலேயே ஒதுங்கினார்.

முன்னறிவிப்பின்றி அகற்றுவதற்கு 1888ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் இடமளித்திருந்தது. ‘ஓல்கா டெல்லிஸ்’ வழக்கில் 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. முன்னறிவிப்பின்றி இடிக்கலாம் என்பது அதிகாரமேயன்றிக் கட்டளையன்று. ஆகவே பொதுவாக ஒருவரைக் கேட்ட பின்னரே அகற்ற வேண்டும் என்றும் விளக்கியது. எனினும் வெளியேற்றத்தை அது தடுக்கவில்லை. மழைக்காலம் கருதி அக்டோபர் 31 வரை தள்ளி வைத்தது.

கட்டட விதிகள் வீணானவையல்ல. 2004இல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த நாம் அதனை மறவோம். ஆனால் விதி யார்மேல் எவ்வாறு பாய்கிறது? 1998இல் தமிழக நகரமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதியை மீறி எழுந்த கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த வழி பிறந்தது. ஒருமுறை மட்டுமே என்று கருதி உச்ச நீதிமன்றம் 2000இல் அதனை ஏற்றது. ஆயினும் சலுகை மேலும் நீட்டிக்கப்பட்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்நீட்டிப்புகளைச் செல்லாதவையாக்கியது. செலுத்தப் பணமுள்ளவனின் மீறலுக்குக் காலநீட்டிப்பு. இல்லாதவனின் கூரைக்கோ கடப்பாரை!

பணமின்மையோடு பத்திரமின்மையும் ஏழையை வாட்டுகிறது. நில ஆவணமின்றிக் கட்டட அனுமதி இல்லை. சேலத்திற்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலை, ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976இல்தான் அரசின் கைக்கு வந்தது. தலைமுறைகளாக அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் மூதாதையர் மண்ணுக்குத் தாமே சான்று தேட வேண்டியவராயினர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், உரிமையைச் சரிபார்த்து முடிக்கும்வரை வன நிலத்தினின்று அவர்களை வெளியேற்றலாகாது என்கிறது. முதலில் கேள், பின்பு முடிவு செய் என்னும் அதே நீதியன்றோ இது!

2024 நவம்பர் 13 அன்று, இடிப்பதற்கு முன் 15 நாள் அறிவிப்பும் நேரில் விளக்கமளிக்க வாய்ப்பும் வேண்டும் என உச்ச நீதிமன்றம் பணித்தது. சாலை, நடைபாதை, நீர்நிலை ஆகியவற்றிலுள்ள கட்டுமானங்களுக்கு அவ்வாணை பொருந்தாது. ஆக, அச்சேலத்துத் தொழிலாளி இன்று வாழ்ந்தாலும் அப்பதினைந்து நாள் அவருக்கு உரியதன்று. 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பே அவருக்குத் துணை.

அறிவிப்பு என்பது வெறும் தாளன்று, “நீ எங்கே போவாய்?” என்று ஒரு மனிதனைக் கேட்பதற்கான அவகாசம். அக்கேள்வியைக் கேட்க மறுக்கும் நகரம், விதியைக் காத்திருக்கலாம், நீதியைக் காத்ததாகாது.