கரிவாயுவும் சிரிப்பு வாயுவும்

மோட்டார் காரின் எஞ்சினுக்குள் பெட்ரோலோடு மற்றொரு வாயுவையும் செலுத்தி, அதன் வேகத்தை நொடிப்பொழுதிற் பெருக்கிக் காட்டும் காட்சியைத் திரைப்படங்களிலே மாணவர் பலரும் கண்டிருப்பீர்கள். அவ்வாயுவின் பெயர் நைட்ரஸ் ஆக்சைடு. ‘ஐயா, தெருவில் ஓடும் காரில் அதைப் பொருத்தலாமா?’ என்று என்னிடம் பயின்ற பிள்ளைகள் பலமுறை வினவியதுண்டு. இதற்கு விடை காண, எண்பது ஆண்டுகளுக்கு முன் நம் மதுரைச் சாலைகளில் ஓடிய கரி பஸ்களின் வரலாறு பெரிதும் துணை செய்யும். எஞ்சினுக்கு வாயுவை ஊட்டும் வித்தை நம் ஊருக்குப் புதிதன்று.

நைட்ரஸ் ஆக்சைடை 1772-இல் முதன்முதலிற் பிரித்தறிந்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1799-இல் பிரிஸ்டல் நகரில் ஹம்ப்ரி டேவி என்னும் இளைஞர் அதனைத் தாமே முகர்ந்து பார்த்து, அது களிப்பையும் சிரிப்பையும் உண்டாக்குவதைக் கண்டார். நோவைத் தணிக்கும் என்பதையும் எழுதி வைத்தார். ஆயினும் 1844-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் அதனைப் பயன்படுத்தும்வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள் அது வேடிக்கைப் பொருளாகவே கிடந்தது. அதற்குள் எத்தனை பேர் மயக்க மருந்தின்றி அறுவைக்கு உட்பட்டுத் துடித்தனரோ!

சிரிப்பு வாயுவுக்கும் மோட்டாருக்கும் என்ன தொடர்பு? எஞ்சின் பெட்ரோலால் ஓடுகிறது என்கிறோம். அது பாதி உண்மையே. பெட்ரோல் எரியப் பிராணவாயு வேண்டும். காற்றின் எடையில் பிராணவாயு நூற்றுக்கு 23 பங்குதான். எஞ்சியது பெரும்பாலும் எரிதலுக்கு உதவாத நைட்ரஜன். நைட்ரஸ் ஆக்சைடிலோ எடையில் நூற்றுக்கு 36 பங்கு பிராணவாயு. எஞ்சினின் வெம்மையில் அது பிரிந்து பிராணவாயுவை விடுவிக்கும். அதற்கேற்பப் பெட்ரோலையும் மிகுதியாகச் செலுத்தினால் ஆற்றல் பெருகும். அது தானே எரிபொருள் அன்று என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இந்த உபாயத்தை இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் தம் விமானங்களில் கையாண்டனர். மிக உயரத்திற் காற்று மெலிந்து எஞ்சின் மூச்சுத் திணறும்போது, கலத்தில் திரவமாகக் கொண்டு சென்ற நைட்ரஸ் ஆக்சைடைச் செலுத்தினர். ஆங்கிலேயரும் 1944-இல் ‘மொஸ்கிட்டோ’ விமானங்கள் சிலவற்றில் இதனையே செய்தனர்.

அதே போர்தான் மதுரையின் பஸ்களையும் மற்றொரு வாயுவை நாடச் செய்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது; ஏப்ரலில் யேனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளை ஆங்கிலேயரே பின்வாங்கும்போது அழித்தனர். பர்மா எண்ணெய் நின்றது. இருந்த பெட்ரோலைப் படை எடுத்துக்கொண்டது. மதுரையில் 1912-இல் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் இந்நெருக்கடியிற் கை கட்டி நிற்கவில்லை. ‘டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்’ என்னும் கரிவாயுக் கலத்தை அவருடைய நிறுவனம் வடிவமைத்து உற்பத்தி செய்தது. ஐரோப்பாவிலும் அக்காலத்தில் இலட்சக்கணக்கான வண்டிகள் விறகாலும் கரியாலும் ஓடின.

அதன் அமைப்பு எளியது. பஸ்ஸின் பின்புறம் ஓர் இரும்பு உருளை, அதனுள் மரக்கரி. கரி தணலாகும்வரை கிளீனர் கைவிசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புறப்படுமுன் இந்தச் சடங்கு கால் மணி நேரமேனும் நடக்கும் என்று எங்கள் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். குறைந்த காற்றில் எரியும் கரி முதலிற் கரியமிலவாயுவைத் தரும். அது மேலுள்ள செந்தணல் வழியே செல்கையில் கார்பன் மோனாக்சைடாக மாறும். அதுவே எரிபொருள். சாம்பல் நீக்கிக் குளிரவைத்து அதனை எஞ்சினுக்கு அனுப்புவர்.

ஆனால் அந்த வாயுவிற் பாதிக்கு மேல் நைட்ரஜன். அது எரிவதுமில்லை, எரிப்பதுமில்லை. ஆகவே எஞ்சினின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு முதற் பாதிவரை குறைந்துவிடும். மேலூர், திருமங்கலம், சிவகங்கை எனப் பரந்த சமவெளியாதலால் கரி பஸ் ஒருவாறு ஓடிற்று. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். மலைச்சாலையில் அதன் பாடு சொல்லவேண்டியதில்லை. கார்பன் மோனாக்சைடு மணமற்ற கொடிய நஞ்சு. மூடிய கொட்டகையிற் கலத்தை எரியவிட்டால் உயிருக்கே ஆபத்து. இத்தனை இடர்களுக்கிடையிலும் மக்களை ஊர் கொண்டு சேர்த்த அந்த வண்டியை, விமானத்தை மேலும் உயரச் செய்த உபாயத்தைவிடப் பெரிய சாதனையாகவே நான் மதிக்கிறேன்.

இனி, பிள்ளைகளின் வினாவுக்கு வருவோம். நைட்ரஸ் ஆக்சைடு உருளையில் ஏறத்தாழ ஐம்பது வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். வெயிலில் நிற்கும் காரில் அவ்வழுத்தம் இன்னும் ஏறும். சித்திரை மாதத்து மதுரை வெயிலை நான் வருணிக்க வேண்டுமா? பெட்ரோலின் அளவு சற்றே குறைந்தாலும் வெப்பம் மிகுந்து பிஸ்டன் உருகிவிடும். பந்தய எஞ்சினை அதற்கென வலுவூட்டிக் கட்டுவார்கள். பிரேக்கும் டயரும் அவ்வாறே. தெருக் காரில் அவை எதுவும் மாறுவதில்லை. முன்னே மாட்டு வண்டியோ சைக்கிளிற் செல்லும் சிறுவனோ குறுக்கிடுவது மட்டும் உறுதி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோ, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே, பொருத்தலாகாது என்பதே என் விடை.

போர் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் கரிக்கலங்கள் பஸ்களை விட்டு நீங்கின. அந்த நுட்பம் மட்டும் அழியவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தார் 1980-களிலிருந்து அதனைத் திருத்தி, விறகையும் தேங்காய்ச் சிரட்டையையும் வாயுவாக்கி, மின்சாரம் எடுக்கும் எஞ்சின்களை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்.