புல்லட்டின் வயிற்றுப் பாரம்

இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு கம்பெனியார், 1948-இல் புதிய புல்லட் மோட்டார் சைக்கிளை உருவாக்கியபோது, அதைக் கடைவீதிக்கு அனுப்புமுன் சேறும் பாறையும் நிறைந்த பந்தயங்களுக்கு அனுப்பினார்கள் என்பது, பின்னாளில் சென்னையில் வேரூன்றிய அவ்வண்டியின் சுபாவத்தை அறிய விரும்புவோர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி. அவ்வாண்டே இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் பந்தயத்தில், வெற்றி வாகை சூடிய பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் தங்கப் பதக்கம் பெற்றன. 1952-இல் ஜானி பிரிட்டன் ஸ்காட்லாந்து ஆறு நாள் பந்தயத்தைப் புல்லட்டில் ஏறி வென்றார். அந்த ஸ்காட்லாந்துப் பந்தயத்தில், காலை ஊன்றாமலும் எஞ்சின் நின்றுவிடாமலும் பாறைமீது மெல்ல ஏறுவதே வித்தை.

அவ்வித்தைக்குத் துணை நின்றது பிளைவீலின் பாரம். 70 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒற்றைச் சிலிண்டரில், கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒருமுறை வெடிப்பு நிகழும். எஞ்சிய மூன்று வீச்சுகளுக்கும் வேண்டிய சக்தியை, எஞ்சினுக்குள் ஜோடியாகச் சுழலும் கனத்த இரும்புத் தட்டுகளான பிளைவீல்களே சேமித்து வைத்துத் தருகின்றன. ஒவ்வொரு வெடிப்பின் உதையையும் அவை தணித்து அனுப்புவதால், பின் டயர் வழுக்காமல் தரையைப் பற்றுகிறது.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸின் கூட்டுறவோடு என்பீல்டு இந்தியா தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியபோது, இந்தப் பாரமும் உடன் வந்தது. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடித்துச் சற்றே நகர்த்தி, பிறகு ஒரே மூச்சில் உதைத்தவர்களுக்கு அந்த இரும்பு உயிர் பெறுவதைப் பாதமே சொல்லிவிடும். இருவரும் மூட்டையும் ஏறிய வண்டி, நாலாவது கியரிலேயே சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்து செல்லும் அந்த நிதானத்தை நான் மிக உயர்வாகவே மதிக்கிறேன்.

ஆயினும் சோழவரத்தில், யுத்தகாலத்து விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்த காலத்தில், இளைஞர் மனம் நாடியது வேறு. பந்தயக்காரர்கள் பாரத்தைக் குறைக்கப் பிளைவீலை லேத்தில் ஏற்றிக் கடைவது உலகெங்கும் உள்ள வழக்கம். விளிம்பில் குறையும் இரும்பு, மையத்தில் குறைவதைக் காட்டிலும் பன்மடங்கு பலன் தரும் என்பதையும் அவர்கள் அறிவார்கள். அப்படிக் கடைந்த எஞ்சின், ஆக்ஸிலரேட்டரை முறுக்கிய கணமே சீறி எழும். விட்டால் உடனே அடங்கும். ஆனால் குதிரைசக்தி ஒரு துளியும் கூடுவதில்லை. பிளைவீலின் வேகத்தை ஏற்றுவதற்குச் செலவான சக்தி சக்கரத்துக்குப் போகிறது, அவ்வளவே. அந்த லாபமும் முதலிரண்டு கியர்களில்தான் தெரியும். டாப் கியரில் வண்டியின் மொத்தப் பாரத்துக்குமுன் அது கரைந்துபோகும்.

சாலையில் ஓட்டுபவருக்கோ நஷ்டம் பெரிது. ஐடிலிங் தடுமாறும், கிளட்சைச் சற்று அவசரமாக விட்டால் எஞ்சின் நின்றுபோகும், இரு தட்டுகளையும் சமமாகக் கடையாவிட்டால், பிஸ்டனின் எடைக்கு ஈடாக அமைத்திருந்த சமநிலை குலைந்து, நடுக்கம் கைப்பிடிவரை ஏறும். கடைந்தெறிந்த இரும்பை மீண்டும் ஒட்டவைக்க வழியில்லை. வேறு ஜோடி தேடி, எஞ்சினை முழுதும் பிரித்து, இரு தட்டுகளும் கோணலின்றி ஓடும்வரை நேர் பார்த்துப் பூட்டவேண்டும்.