டெரெக் மெடிங்ஸ்

டெரெக் மெடிங்ஸ் (15 ஜனவரி 1931 – 10 செப்டம்பர் 1995) பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சித் தந்திரக்காட்சிக் கலைஞர். படங்களுக்கு டைட்டில் எழுதும் வேலையில் தொடங்கி, மாதிரி வடிவங்களை உருவாக்கிப் படமாக்கும் கலையில் தம் தலைமுறையின் முன்னோடி ஆனவர். ‘தண்டர்பேர்ட்ஸ்’ தொடரின் ஊர்திகளும், ஆறு ஜேம்ஸ் பாண்ட் படங்களின் மாதிரிக் காட்சிகளும் அவர் கைவண்ணம்.

லண்டனில் பிறந்தார். தந்தை டென்ஹாம் ஸ்டூடியோவில் தச்சர். தாய் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டாவிடம் செயலாளர். ஓவியப் பள்ளியில் பயின்ற மெடிங்ஸ், 1940களின் பிற்பகுதியில் அதே ஸ்டூடியோவில் எழுத்துக் கலைஞராகச் சேர்ந்தார். அங்கே லெஸ் போவி அறிமுகமானார். அரங்கு போட்டால் கட்டுப்படியாகாத கோட்டையையும் மலையையும் ஓவியமாக வரைந்து, நடிகர்கள் தோன்றும் காட்சியோடு இணைப்பதில் போவி வல்லவர். அவரிடம் தொழில் கற்ற காலத்தில் ஹாமர் நிறுவனத்தின் திகில் படங்களிலும் மெடிங்ஸ் பணியாற்றினார். சொற்பப் பணத்தில் பிரம்மாண்டம் காட்டும் வித்தை அப்போது கைவந்தது.

ஜெரி ஆண்டர்சனின் பொம்மலாட்டத் தொடரான ‘ஃபோர் ஃபெதர் ஃபால்ஸ்’ (1960) திருப்புமுனை. பின்னணி வரைய வந்தவர், சில ஆண்டுகளில் ஸ்லவ் தொழிற்பேட்டையில் இயங்கிய ஆண்டர்சன் நிறுவனத்தின் தந்திரக்காட்சிப் பிரிவுக்கே தலைவரானார். 1965இல் ‘தண்டர்பேர்ட்ஸ்’ ஒளிபரப்பானது. அதன் ஐந்து மீட்பு ஊர்திகளையும் வடிவமைத்தவர் அவரே.

புத்தம் புதிதாக மின்னும் மாதிரியைக் கேமரா உடனே பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். எனவே மெடிங்ஸின் குழு வண்ணம் பூசியதும் அதன்மேல் புகைக்கறை, எண்ணெய் வழிசல், உரசல் தடம் எல்லாவற்றையும் சேர்த்தது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளின் உதிரிகள் இயந்திர நுணுக்கங்களாக ஒட்டப்பட்டன. சாலைக் காட்சிகளில் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அடியில் சாலையும் பின்னால் நிலக்காட்சியும் சுழல்பட்டைகளாக ஓடும்.

வெடிப்புக்கும் வெள்ளத்துக்கும் கணக்கு வேறு. சிறிய பொருள் சிறிய உயரத்திலிருந்து விழுவதால் சட்டென்று தரையைத் தொட்டுவிடும். 25இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிக்கு 25இன் வர்க்கமூலமான 5 மடங்கு வேகத்தில், அதாவது நொடிக்கு 24 சட்டகங்களுக்குப் பதில் 120 சட்டகங்களாகப் படம் பிடித்தால்தான் திரையில் கனம் தெரியும். தண்ணீர்த் துளியை மட்டும் சுருக்க முடியாது. கடல் காட்சி என்றால் மாதிரியே பெரிதாக வேண்டும். ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ (1977) என்ற பாண்ட் படத்தின் எண்ணெய்க் கப்பல் மாதிரி 60 அடிக்கு மேல் நீண்டது. பஹாமாஸ் கடலில் அதைப் படமாக்கினார்கள்.

‘சூப்பர்மேன்’ (1978) படத்துக்கான சிறப்பு ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டவர்களில் மெடிங்ஸும் அவருடைய ஆசான் போவியும் இருந்தனர். அடுத்து வந்த ‘மூன்ரேக்கர்’ (1979) படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. உண்மையான விண்வெளி ஓடம் 1981இல்தான் விண்ணுக்குச் சென்றது. அப்படத்தில் தோன்றிய மெடிங்ஸின் மாதிரி ஓடம் இரண்டாண்டு முந்திக்கொண்டது. விண்வெளிக் காட்சிகளுக்கு ஒரே ஃபிலிமைக் கேமராவுக்குள் பலமுறை பின்னோக்கிச் சுற்றி, ஒவ்வொரு பொருளாகப் பதிவு செய்தார்.

‘பேட்மேன்’ (1989) படத்திலும் பணியாற்றிய அவர், தாம் பணியாற்றிய பாண்ட் படமான ‘கோல்டன்ஐ’ திரைக்கு வருமுன் மறைந்தார். அப்படம் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அவருடைய பிரிவில் வேலை பார்த்த பிரையன் ஜான்சன் பின்னர் ‘ஏலியன்’ படத்துக்காக ஆஸ்கர் வென்றார். மாதிரிகள் செய்த மைக் டிரிம், ஜெஃப் வெய்னின் ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ இசைத்தட்டுக்கு (1978) அட்டை ஓவியம் வரைந்தார்.