மதிப்பெண்ணும் மனமுயற்சியும்

பத்து காஜாவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் ஈயமும் இரப்பரும் ஒருங்கே செழித்த காலத்தில், வில்லியம் கெல்லி ஸ்மித்தின் கிந்தா கெல்லாஸ் முதலான தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஓரினத்தைச் சார்ந்த பள்ளி வயதுச் சிறுவர் 10 பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் நிருவாகத்தின் கடன் என விதித்தது. பள்ளிகள் எழுந்தன, எனினும் "தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்னும் பழிச்சொல்லும் உடன் எழுந்தது.

இப்பழி மெய்தானா? தேர்வு மதிப்பெண் என்பது ஆற்றல், முயற்சி ஆகிய இரண்டும் கலந்து தரும் விளைவு. பொழுது புலருமுன் பெற்றோர் பெரட்டுக்குச் செல்ல, தம்பி தங்கையரைக் காத்து நின்ற சிறுமிக்குப் பள்ளி முடிந்ததும் காத்திருந்தது பால்மரக் காடே. எங்கும் இட்டுச் செல்லாத தேர்வை அவள் ஏன் வருந்தி எழுத வேண்டும்? அவளுடைய குறைந்த மதிப்பெண் அறிவின் குறையா, நம்பிக்கையின் குறையா என்பதை விடைத்தாள் மட்டும் கூறிவிடாது.

இவ்விரண்டையும் பிரித்தறிய முயன்ற ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. தேர்வு தொடங்கும் வேளையில் அமெரிக்க மாணவர் சிலரிடம் 25 டாலர் தந்து, தவறும் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு டாலர் திரும்பப் பெறப்படும் என்றனர். படிப்பதற்கு நேரமே இல்லை. ஆயினும் அவர்தம் மதிப்பெண் உயர்ந்தது. அறிவு அதுவே, முயற்சியே மிகுந்தது. ஷாங்காய் மாணவரிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. அவர்கள் முன்னரே முழு முயற்சியுடன் எழுதினர் என்பதே ஆய்வாளர் கொண்ட விளக்கம்.

நம் நாட்டு வரலாறும் ஒரு சான்று தருகின்றது. இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964இல் கைவிடப்பட்டது. 1965 முதல், முன்னர் அத்தேர்வால் தடுக்கப்பட்டிருக்கக் கூடிய பிள்ளைகளும் புகுமுக வகுப்பின் வழியே இடைநிலைக் கல்வியை எட்டினர். ஓராண்டில் பிள்ளைகளின் மூளை மாறிவிடவில்லை. வாயில் திறந்தது, அவ்வளவே. ஆயினும் வாயில் திறந்தது மட்டும் போதவில்லை. வறுமைக்கும் இடைநிற்றலுக்கும் உள்ள நெருங்கிய தொடர்பை 1973ஆம் ஆண்டு முராட் அறிக்கை எடுத்துரைத்தது.

மாணாக்கரிடையே ஆற்றல் வேறுபாடு இல்லை என்பது இதன் பொருளன்று. அதனை அளக்குமுன் முயற்சிக்குரிய சூழலை அமைத்தல் வேண்டும் என்பதே பொருள். எழுத்தில் தோற்ற பிள்ளையை வாய்மொழியாக வினவுக. வெற்றிடமாக விட்ட வினாவைப் பிறிதொரு நாள் மீண்டும் தருக. அப்போது விடை வருமாயின், குறை அறிவில் இல்லை என்பது தெளிவாம். "மந்தம்" என ஆசிரியர் ஒருமுறை எழுதும் சொல், ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுதும் அழியாது நின்றுவிடக் கூடும். அச்சொல்லை எழுதுமுன் இத்துணைச் சோதனையேனும் செய்தல் ஆசிரியரின் கடன்.