கயிறு இழுத்த கால்வாய்

எர்லாங்கனுக்கும் நூர்ன்பேர்க்குக்கும் இடையே ஏ 73 நெடுஞ்சாலையில் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறோம். சக்கரங்களுக்குக் கீழே ஒரு கால்வாய் புதைந்து கிடக்கிறது என்பது எங்களிற் பலருக்குத் தெரியாது.

பவேரிய மன்னன் முதலாம் லூட்விக் வெட்டுவித்த கால்வாய் அது. 1836இல் தொடங்கி 1846இல் முடிந்தது. பாம்பேர்க்கிலிருந்து கெல்ஹைம் வரை 170 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். மைன் நதியையும் டானியூப்பையும் அது கோத்தது. வடகடலில் ஏற்றிய சரக்கு கருங்கடல்வரை தண்ணீரிலேயே போகலாம் என்றாயிற்று. சார்ளமேன் சக்கரவர்த்தி 793இல் வேறோர் இடத்தில் முயன்ற காரியம் இது.

பாயை நம்பிய பயணமல்ல. கரையோரப் பாதையில் குதிரை நடக்கும். அதில் பூட்டிய நீண்ட கயிறு வள்ளத்தை இழுக்கும். 120 தொன் ஏற்றிய வள்ளத்துக்கும் ஒரு குதிரை போதுமாம். வழியில் 100 இடங்களில் இரட்டை மடைக்கதவுகள். வள்ளம் நுழைந்ததும் கீழ்க்கதவை மூடித் தண்ணீர் விடுவார்கள். வள்ளம் மெல்ல மேலெழும், மேற்கதவு திறக்கும். அதற்கிடையில் குதிரை ஒரு வாய் புல் மேய்ந்திருக்கும். நூர்ன்பேர்க்குக்குத் தெற்கே எஞ்சிய பகுதியில் உல்லாசப் பயணிகளுக்காக இப்படி ஒரு வள்ளம் விட்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பக்கிங்காம் கால்வாயில் காற்று வாய்த்தால் பாய் விரித்தார்கள். வாய்க்காவிட்டால் ஆட்கள் கரையில் நடந்து கயிறு இழுத்தார்கள். 1877-78 பஞ்சத்தில் பசித்தவர்களைக் கூலிக்கு வைத்து வெட்டிய பகுதியும் அதிலுண்டு. பாரதிதாசன் அதிலே தோணியிற் போய் 'மாவலிபுரச் செலவு' பாடினார். தோணியில் இருப்பவருக்கு உல்லாசம். இங்கே கயிறு குதிரைக்கு, அங்கே மனிதருக்கு!

எர்லாங்கனில் பூர்க்பேர்க் குன்றடியில் கால்வாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. சுவாந்தாலர் என்ற சிற்பியின் வேலை. மைனும் டானியூப்பும் ஆணும் பெண்ணுமாய் அருகருகே. அது 1846இல் திறக்கப்பட்டது. ஆனால் 1844இலேயே நூர்ன்பேர்க் - பாம்பேர்க் புகையிரதம் அதே குன்றைக் குடைந்து ஓடத் தொடங்கிவிட்டது. குதிரை எப்படி ஈடுகொடுக்கும்? தேய்ந்து தேய்ந்து, உலகப்போரில் சேதமுற்று, 1950இல் கால்வாய் கைவிடப்பட்டது. பின்னர் அதன் தடத்தில் தெரு போட்டார்கள். 1992இல் நிறைவுற்ற புதிய கால்வாய் நகரின் மேற்கே போகிறது.

இரண்டு கடல்களைக் கோத்த இந்தப் பாதையில், 1982ஆம் ஆண்டு அகதிச் சட்டத்தின்படி, வழக்கு முடியாத எங்களவர் ஒதுக்கிய எல்லையைத் தாண்ட அன்று அனுமதித் தாள் வேண்டியிருந்தது. நூர்ன்பேர்க் 20 கிலோமீற்றர்கூட இல்லை. குதிரை நடையில் ஒரு பகல். தாளில் காரணம் எழுத வேண்டியிருந்தது. வைத்தியர், வழக்கறிஞர், உறவினர் வீட்டுச் சாவு என்று எழுதினோம். சும்மா ஒரு நாள் தண்ணீர் பார்க்கப் போகிறோம் என்று எழுத எவருக்கும் துணிவு வரவில்லை.