ஒரே கேபிளா, தனித்தனிக் கேபிள்களா? அவிநாசி மேசைக்கு ஒரு மானிட்டர் ஒப்பாய்வு

அவிநாசியிலிருந்து திருப்பூர் 15 கிலோமீட்டருக்குள். கோவை சுமார் 40 கிலோமீட்டர். ஊரில் லேப்டாப் வைத்து வேலை பார்க்கும் பலர் இந்த இரண்டு சாலைகளில் ஒன்றில்தான் தினமும் போய் வருகிறார்கள். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவர், பகலில் ஆபீஸில் பார்த்த ஆர்டர் ஷீட்டை இரவு வீட்டில் மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது. பையர் இருக்கும் நாட்டில் அப்போதும் வேலை நேரம். கோவை ஐ.டி. நிறுவனத்தில் இருப்பவருக்கு வாரத்தில் சில நாள் வீடே ஆபீஸ். 14 அங்குல லேப்டாப் திரையில் சைஸ் வாரியாக, கலர் வாரியாக நீளும் எக்செல் கட்டங்களை இழுத்து இழுத்துப் பார்ப்பதில் கண்ணும் கழுத்தும் ஒருசேர வலிக்கின்றன. ஒரு பெரிய மானிட்டர் இவர்களுக்கு ஆடம்பரமே இல்லை.

கடைக்குப் போனால் ஒரே அளவில், ஒரே தெளிவில் இரண்டு மானிட்டர்களைக் காட்டுவார்கள். ஒன்றில் யூ.எஸ்.பி.-சி இணைப்பு உண்டு. ஒரே கேபிளில் படம், சார்ஜ், கீபோர்டு, மவுஸ் எல்லாம் வந்துவிடும் என்பார்கள். மற்றதில் எச்.டி.எம்.ஐ.யும் டிஸ்ப்ளே போர்ட்டும் மட்டும். சில ஆயிரம் ரூபாய் குறைவு. இந்தக் கட்டுரை ஒப்பிடுவது இந்த இரண்டு ஏற்பாடுகளை. முதலாவதை ‘ஒரு கேபிள் முறை’ என்போம். எச்.டி.எம்.ஐ. கேபிள், லேப்டாப்பின் சொந்த சார்ஜர், தேவைப்பட்டால் ஒரு சின்ன யூ.எஸ்.பி. ஹப் என்று சேரும் இரண்டாவதை ‘தனிக் கேபிள் முறை’ என்போம். ஒப்பீடு நியாயமாக இருக்க, இரண்டிலும் திரை 27 அங்குல ஐ.பி.எஸ். வகைப் பேனல் என்று வைத்துக்கொள்வோம்.

கேபிளுக்குள் ஓடுவது என்ன?

எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும். லேப்டாப்பை சார்ஜ் செய்யாது. கீபோர்டு, பென் டிரைவ் வேலைக்கும் ஆகாது. வேலை ஒன்றே என்பதால் குழப்பமும் குறைவு.

யூ.எஸ்.பி.-சி 2014இல் வந்தது. 24 பின்கள் கொண்ட இந்த வாயில் எந்தப் பக்கமாகச் செருகினாலும் பொருந்தும். அதே ஆண்டில், டிஸ்ப்ளே போர்ட்டின் படச் சமிக்ஞையை இந்த வாய் வழியாகவே அனுப்பும் முறையையும் ‘வெசா’ என்ற தர அமைப்பு அறிவித்தது. மின்சாரம் கொடுக்கும் ‘பவர் டெலிவரி’ முறை முதலில் 100 வாட் வரையும், 2021க்குப் பிறகு 240 வாட் வரையும் அனுமதிக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வாய் ஒரே வடிவம் என்றாலும் உள்ளே இருக்கும் வசதி லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் சி வாய் ஃபைல் மாற்ற மட்டுமே பயன்படும், படம் வராது. வாயின் அருகில் டிஸ்ப்ளே போர்ட்டின் குறியோ, மின்னல் வடிவத் தண்டர்போல்ட் குறியோ இருந்தால் படம் வரும் என்று நம்பலாம். குறி எதுவும் இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்து லேப்டாப் நிறுவனத்தின் விவரக் குறிப்பில் பார்த்துவிட வேண்டும். கேபிளிலும் இதே நிலைமை. போனோடு வரும் சி கேபிள் பெரும்பாலும் பழைய யூ.எஸ்.பி. 2.0 கம்பிகள் கொண்டது. சார்ஜ் ஏறும், படம் வராது. தனிக் கேபிள் முறையில் இந்தச் சந்தேகங்களுக்கு இடமில்லை. எளிமையில் முதல் மதிப்பெண் அதற்கே.

படமும் வேகமும்

27 அங்குலத் திரையில் 1920 × 1080 புள்ளிகள் என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளிகள். 2560 × 1440 என்றால் 109. 4கே எனப்படும் 3840 × 2160 என்றால் 163. தமிழில் அதிகம் படித்து எழுதுபவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் தெரியும். ணை, ஞ, க்ஷ போன்ற சுழியும் வளைவும் நிறைந்த எழுத்துகள் 82 புள்ளியில் கரைந்து நிற்கும்; 163இல் அச்சடித்த புத்தகம்போல் தெளியும். 27 அங்குலத்தில் 1920 × 1080 வாங்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து, இணைப்பு எதுவானாலும்.

இந்தப் புள்ளிகளை அனுப்ப ஆகும் வேகத்தில் இரண்டு முறைகளும் பிரிகின்றன. 4கே படத்தை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்க ஏறக்குறைய 12.8 ஜிகாபிட் வேண்டும். 2560 × 1440க்கு 5.8 ஜிகாபிட் போதும். 2013இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0 இரண்டையும் தாங்கும். லேப்டாப்பில் இருப்பது பழைய 1.4 என்றால் 4கே விநாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி திக்கித் திக்கிப் போகும். நாள் முழுக்க அதில் உட்கார முடியாது.

சி கேபிளில் வேகமான தடங்கள் நான்கு. நான்கையும் படத்துக்கே கொடுத்தால், பரவலாக உள்ள டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேகத்தில் 17.28 ஜிகாபிட் கிடைக்கும், 4கேவுக்குத் தாராளம். ஆனால் கீபோர்டு, ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் மிச்சமிருக்கும் 480 மெகாபிட் யூ.எஸ்.பி. 2.0 பாதைக்கு வந்துவிடும். இரண்டு தடம் படத்துக்கு, இரண்டு தடம் ஃபைலுக்கு என்று பிரித்தால் படத்துக்குக் கிடைப்பது 8.64 ஜிகாபிட், 4கே 60க்கு அது போதாது. லேப்டாப்பும் மானிட்டரும் இரண்டுமே டிஸ்ப்ளே போர்ட் 1.4 வேகத்தில் பேசினால் அதே இரண்டு தடத்தில் 12.96 ஜிகாபிட் கிடைத்து, 4கே 60 மயிரிழையில் உள்ளே அடங்கும். சில மானிட்டர்களின் மெனுவில் ‘அதிகத் தெளிவு’, ‘அதிக டேட்டா வேகம்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

ஆகவே ஒரு கேபிள் முறையில் 2560 × 1440 சிக்கலில்லாத தேர்வு. இரண்டு தடத்திலேயே படம் அடங்கி, ஹப்பும் முழு வேகத்தில் ஓடும். 4கே வேண்டும் என்றால் ஹப்பின் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். வீட்டில் 100 மெகாபிட் இணைய இணைப்பு வைத்து எக்செல்லும் மெயிலும் பார்ப்பவர் அந்தக் குறையை உணரவே மாட்டார். எஸ்.எஸ்.டி.யில் பெரிய டிசைன் ஃபைல்களை நாள் முழுக்க ஏற்றி இறக்குபவர் நன்றாகவே உணர்வார்.

சார்ஜ்: எத்தனை வாட்?

ஒரு கேபிள் முறையின் பெரிய பலம் இது. வீட்டு மேசையில் மானிட்டரே சார்ஜர். லேப்டாப்போடு வந்த சார்ஜர் ஆபீஸிலேயே கிடக்கலாம். ஆனால் பெட்டியில் ‘சி’ என்று போட்டிருப்பதால் மட்டும் சார்ஜ் போதுமானது என்று ஆகிவிடாது. டெல் நிறுவனத்தின் இரண்டு 27 அங்குல 4கே மானிட்டர்களைப் பாருங்கள். எஸ்2722கியூசி 65 வாட் தருகிறது. யூ2723கியூஇ 90 வாட் தருவதோடு, நெட்வொர்க் கேபிள் செருகும் வாயையும் வைத்திருக்கிறது. சாதாரண ஆபீஸ் லேப்டாப்புக்கு 45 முதல் 65 வாட் போதும். பேட்டர்ன், மார்க்கர் போடும் மென்பொருளுக்காகத் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கனத்த லேப்டாப் வாங்கியிருந்தால் அதற்கு 150 வாட்டுக்கு மேலும் தேவைப்படலாம். அப்போது மானிட்டர் தரும் 65 வாட்டில், வேலை செய்யச் செய்யவே பேட்டரி இறங்கும். எப்படியும் சொந்த சார்ஜரைச் செருகத்தான் வேண்டும். சி இணைப்புக்குக் கொடுத்த கூடுதல் பணத்தில் பாதிப் பயன் அங்கேயே போய்விடுகிறது.

60 வாட்டுக்கு மேல் கொண்டுபோக 5 ஆம்பியர் தாங்கும், உள்ளே அடையாளச் சில்லு உள்ள கேபிள் வேண்டும். மானிட்டரோடு வரும் கேபிளையே பயன்படுத்துவது நல்லது.

கரண்ட் போகும் நாள்

மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாட்கள் நம் ஊரில் உண்டு. முன்னறிவிப்பில்லாத நொடி நேர வெட்டுகளும் உண்டு. மானிட்டர் விளம்பரம் எதுவும் பேசாத இந்த இடத்தில் இரண்டு முறைகளும் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன.

ஒரு கேபிள் முறையில் ஹப் மானிட்டருக்குள் இருக்கிறது. கரண்ட் போனதும் மானிட்டரோடு ஹப்பும் அணையும். அதில் செருகிய ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருந்த பாதியில் அறுந்துபோகும். ஃபைல் கெட இது போதும். தனிக் கேபிள் முறையில் சின்ன ஹப் லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்தால், லேப்டாப் பேட்டரி இருக்கும் வரை ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கேபிள் முறையை எடுப்பவர் மானிட்டரை யூ.பி.எஸ்.ஸில் போட வேண்டும். அப்போது லேப்டாப்புக்குப் போகும் 65 அல்லது 90 வாட்டும் அதே யூ.பி.எஸ். மேல் சுமையாக ஏறும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நேராக லேப்டாப்பில் செருகுவது இன்னொரு எளிய வழி.

நிறம்

திருப்பூர் வேலையில் நிறம் உயிர்நாடி. படம் சி வழியாக வந்தாலும் எச்.டி.எம்.ஐ. வழியாக வந்தாலும், செட்டிங் ஒன்றாக இருந்தால் நிறத்தில் மாற்றமில்லை. நிறத்தைத் தீர்மானிப்பது பேனல். சாதாரண ஐ.பி.எஸ்.ஸில் கான்ட்ராஸ்ட் ஏறக்குறைய 1000க்கு 1. மேலே சொன்ன யூ2723கியூஇயில் 2000க்கு 1. கறுப்பு, நேவி, அடர் மெரூன் துணிகளின் படங்களில் இந்த வித்தியாசம் தெரியும். ஆனாலும் எந்த மானிட்டரும் லேப் டிப் எனப்படும் சாய மாதிரித் துணிக்கு மாற்றாகாது. சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியை டி65 விளக்கு எரியும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பதுதான் இறுதி. பிரிண்ட் ஆர்ட்வொர்க்கின் நிறம் மானிட்டரில் ஓரளவு நம்பகமாகத் தெரிந்தால், ஸ்ட்ரைக்-ஆஃப் எனப்படும் மாதிரி அச்சு திரும்பித் திரும்பி வருவது குறையும். அந்த அளவுக்கு நல்ல பேனல் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் சி இணைப்பை விட்டுவிட்டு, அந்தப் பணத்தைப் பேனலில் போடலாம்.

செலவும் பழுதும்

விலைச் சீட்டில் தனிக் கேபிள் முறை மலிவாகத் தெரியும். வீட்டுக்கு இரண்டாவது சார்ஜர், ஒரு ஹப், நல்ல எச்.டி.எம்.ஐ. கேபிள் ஆகியவற்றைச் சேர்த்தால் வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிடும். ஜி.எஸ்.டி. இரண்டுக்கும் 18 சதவீதம். 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் அதே விகிதம்தான். கம்பெனி பெயரில் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்கினால், உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் தகுதி உள்ளவர்களுக்கு அந்த வரி திரும்பிவிடும்.

பழுது வந்தால் கதை வேறு. தனிக் கேபிள் முறையில் கெட்டதை மட்டும் மாற்றலாம். சி மானிட்டரின் போர்டு போனால் படம், சார்ஜ், ஹப், நெட்வொர்க் நான்கும் ஒரே நாளில் போகும். அதனால் வாரண்டி எத்தனை ஆண்டு என்று கேட்பதோடு, அவிநாசியில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா, கோவைக்குத் தூக்கிப் போக வேண்டுமா என்றும் கேட்டாக வேண்டும்.

எதிர்காலம் சி பக்கம்தான். இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கான தரத்தை 2023 ஜனவரியில் வெளியிட்டது. திருப்பூர் பனியன் ஏறிப் போகும் ஐரோப்பிய ஒன்றியம், 2026 ஏப்ரல் 28 முதல் சந்தைக்கு வரும் லேப்டாப்களும் சி வழியாக சார்ஜ் ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. அடுத்து வாங்கப்போகும் லேப்டாப் சி வாயோடு வரும் என்று துணிந்து நம்பலாம். மானிட்டரோ இரண்டு லேப்டாப்களின் ஆயுளுக்கு உழைக்கும் பொருள்.

யாருக்கு எது?

தினமும் லேப்டாப்பைத் தூக்கிப் போய் வருபவருக்கு, அந்த லேப்டாப்பின் சி வாயில் படம் வரும், 65 வாட் போதும் என்றால், ஒரு கேபிள் முறைதான் சரி. இரவு பத்து மணிக்குக் களைத்து வந்து உட்காருபவர் மூன்று கேபிளைத் தேடிச் செருகாமல் வேலையைத் தொடங்குவது பெரிய நிம்மதி. அவருக்கு 2560 × 1440, 65 வாட், யூ.பி.எஸ். இணைப்பு போதும். நாள் முழுக்கத் தமிழோ நுண்ணிய ஆர்ட்வொர்க்கோ பார்ப்பவர் என்றால் 4கே, 90 வாட்.

பேட்டர்ன் அறையில் ஒரே இடத்தில் நிற்கும் டெஸ்க்டாப்புக்கும், கனத்த கிராபிக்ஸ் லேப்டாப்புக்கும், சி வாயில் படம் வராத லேப்டாப்புக்கும் தனிக் கேபிள் முறைதான். மிச்சமாகும் பணம் பேனலுக்குப் போகட்டும்.

எதை எடுத்தாலும், முடிந்தால் உங்கள் லேப்டாப்பைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். பில் போடும் முன் மானிட்டரில் செருகி, படம் 60 ஹெர்ட்ஸில் வருகிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்று நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப்பும் அந்த மானிட்டரும் ஒத்துப்போகின்றனவா என்பதை அறிய, பெட்டியின் மேல் அச்சிட்ட எந்த வரியும் அந்தச் சோதனைக்கு ஈடாகாது.