நிறைவுணர்வும் எடைக் குறைப்பு அறுவையும்

எடைக் குறைப்பு அறுவை (பேரியாட்ரிக் அறுவை) என்பது மிகை உடற்பருமன் உள்ளவர்களின் இரைப்பையை அல்லது சிறுகுடலின் அமைப்பை மாற்றி, அவர்களின் எடையைக் குறைக்கும் மருத்துவ முறையாகும். இந்த அறுவை செய்துகொண்டவர்கள் சில கரண்டி உணவிலேயே வயிறு நிறைந்துவிட்டதாக உணர்கின்றனர். இரைப்பை சிறியதானதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நிறைவுணர்வு இரைப்பையில் மட்டும் உருவாவதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. இரைப்பை, குடல், நரம்பு, மூளை ஆகிய அனைத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதைக் கண்டறிய ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன.

இரைப்பையும் பசியும்

இரைப்பைக்குள் நடப்பதை நேரில் கண்டு எழுதியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் படை மருத்துவர் வில்லியம் போமான்ட். 1822இல் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து காயமடைந்தார். அவர் உயிர் பிழைத்தார். ஆனால் வயிற்றின் வெளிப்புறத்திலிருந்து இரைப்பைக்குள் செல்லும் துளை ஒன்று மூடாமலே நின்றுவிட்டது. அத்துளை வழியாக உணவு செரிப்பதைப் போமான்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1833இல் நூலாக வெளியிட்டார்.

1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன், தம் மாணவர் வாஷ்பர்னைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். வாஷ்பர்ன் குழாயுடன் இணைத்த ஒரு பலூனை விழுங்கினார். இரைப்பை சுருங்கும் நேரமும் பசி கிள்ளும் நேரமும் ஒத்துப்போவதை அது காட்டியது. வெற்று இரைப்பையின் சுருக்கமே பசி என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. அப்படியானால், இரைப்பை விரிவதே நிறைவு என்று கொள்ளலாம்.

இந்த விளக்கத்தில் ஒரு குறை இருந்தது. வியன்னாவில் தியோடர் பில்ராத் 1881இல் புற்றுநோய் கண்ட இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக அகற்றியிருந்தார். 1897இல் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் ஒரு பெண்ணின் இரைப்பையை முழுவதுமாக அகற்றினார். அப்பெண் அதன் பின்னும் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். இரைப்பையே இல்லாதவருக்குப் பசி எடுக்குமா? 1931இல் வாங்கன்ஸ்டீன், கார்ல்சன் ஆகிய இருவரும் இரைப்பை முழுவதும் அகற்றப்பட்ட ஒருவரை ஆராய்ந்து, அவருக்கும் பசி உணர்வு இருப்பதைப் பதிவு செய்தனர். பசியின் இருப்பிடம் இரைப்பை மட்டுமன்று என்பது இதனால் விளங்கியது.

இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களிடம் மற்றொரு தொல்லையும் காணப்பட்டது. உண்ட சிறிது நேரத்தில் அவர்களுக்கு வியர்வை, படபடப்பு, மயக்கம், வயிற்றுப்போக்கு ஆகியவை உண்டாயின. உணவு இரைப்பையில் தங்காமல் குடலுக்குள் கொட்டப்படுவதே காரணம். 1922இல் இதற்கு 'டம்பிங்' என்ற பெயர் வழங்கப்பட்டது. இன்றும் எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் இனிப்பு உண்பவர்கள் சந்திக்கும் தொல்லை இதுவே.

மூளையை நோக்கி

1940இல் ஹெதரிங்டன், ரான்சன் ஆகியோர் எலிகளின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியைச் சேதப்படுத்தியபோது, அவை பெருமளவு கொழுத்தன. 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் இந்திய உடலியங்கியல் அறிஞர் பால் கிருஷ்ணன் ஆனந்த், ஜான் புரோபெக்குடன் இணைந்து, அதே பகுதியின் பக்கவாட்டில் சேதம் ஏற்பட்டால் எலிகள் உண்பதையே நிறுத்திவிடுகின்றன என்று கண்டார். ஆனந்த் பின்னர் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் உடலியங்கியல் துறையை நிறுவினார். பசிக்கும் நிறைவுக்கும் மூளையில் இடம் உண்டு என்பது இந்த ஆய்வுகளால் உறுதியாயிற்று. மூளைக்குச் செய்தி எவ்வாறு செல்கிறது என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

1944-45இல் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 தன்னார்வலர்களை அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். எடை குறையக் குறைய அவர்கள் மனம் முழுவதும் உணவிலேயே நின்றது. சோதனை முடிந்து போதிய உணவு கிடைத்த பிறகும் பலருக்கு நிறைவு ஏற்படவில்லை. எடை இழந்த உடல் பசியைக் கூட்டி இழந்ததை மீட்க முயல்கிறது என்பதற்கு இது சான்று. உணவுக் கட்டுப்பாட்டில் தோற்பவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று பழிக்கும் வழக்கம் இதன் பின்னும் நீங்கவில்லை.

குடலைச் சுருக்கிய அறுவைகள்

எடையைக் குறைப்பதற்காகத் தொடக்கத்தில் செய்யப்பட்ட அறுவைகள் இரைப்பையைத் தொடவில்லை. 1954இல் மின்னசோட்டாவில் கிரெமனும் உடன் பணியாற்றியோரும் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி, அதன் தொடக்கத்தையும் முடிவையும் இணைக்கும் முறையை வெளியிட்டனர். உண்ட உணவு உடலில் சேராமல் வெளியேறியது. 1960களில் பெய்ன், டிவிண்ட் ஆகியோர் இம்முறையைப் பரப்பினர்.

எடை குறைந்தது உண்மைதான். ஆனால் அதற்கு நோயாளிகள் கொடுத்த விலை பெரிது. ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, சத்துக் குறைபாடு ஆகியவற்றோடு, சிலருக்குக் கல்லீரல் செயலிழந்து உயிரும் போயிற்று. பலருக்குக் குடலை மீண்டும் பழைய நிலையில் இணைக்க வேண்டியிருந்தது. 1980களில் இம்முறை கைவிடப்பட்டது.

எட்வர்ட் மேசனும் இரைப்பை மாற்றுவழியும்

அயோவா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன் ஒரு பழைய செய்தியைப் புதிய நோக்கில் பார்த்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் பகுதியை இழந்த பெண்கள் எடை கூடாமல் மெலிந்தே இருந்தனர். குடற்புண் மருத்துவத்தில் அது பக்கவிளைவு. உடற்பருமன் உள்ளவருக்கு அதுவே மருந்தாகக் கூடும். 1966இல் மேசனும் சிகாஷி இட்டோவும் இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலுடன் இணைத்தனர். இதுவே இரைப்பை மாற்றுவழி அறுவையின், அதாவது கேஸ்ட்ரிக் பைபாஸின், தொடக்கமாகும்.

தொடக்கத்தில் பெரிதாக விடப்பட்ட இரைப்பைப் பை பின்னர் 50 மில்லிலிட்டர் அளவுக்கும் கீழே குறைக்கப்பட்டது. 1977இல் வார்ட் கிரிஃபன், சுவிட்சர்லாந்து மருத்துவர் செசார் ரூ முன்பே உருவாக்கியிருந்த 'ஒய்' எழுத்து வடிவ இணைப்பை இதில் பயன்படுத்தினார். பித்தநீர் மேலேறி வருவதை அது தடுத்தது. 'ரூ-ஒய்' என்ற பெயர் இதனால் வந்தது.

வயிற்றைக் கட்டிய காலம்

குடலைத் தொடாமலே இரைப்பையை மட்டும் சிறிதாக்கினால் போதுமே என்று மேசன் பின்னர் எண்ணினார். 1980இல் இரைப்பையின் மேற்பகுதியைத் தையலால் பிரித்து, அதன் வாயில் ஒரு பட்டையைக் கட்டும் முறையைத் தொடங்கினார். 1986இல் குஸ்மாக், தேவைக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் கூடிய பட்டையைப் பயன்படுத்தினார்.

நிறைவுணர்வு வெறும் கொள்ளளவு சார்ந்தது என்றால் இம்முறைகள் முழு வெற்றி பெற்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. ரொட்டி, இறைச்சி போன்ற கெட்டியான உணவுகள் பட்டையில் சிக்கி வாந்தியாயின. ஐஸ்கிரீம், சாக்லேட், இனிப்புப் பானம் ஆகியவை தடையின்றி இறங்கின. வயிறு அடைத்துக்கொண்டதே தவிரப் பசி அடங்கவில்லை. பலருக்கு எடை மீண்டும் ஏறியது. 1987இல் ஹார்வி ஷுகர்மேன் குழுவினர் இவ்விரு வகை அறுவைகளையும் ஒப்பிட்டு, இனிப்பு விரும்பி உண்பவர்களுக்கு மாற்றுவழி அறுவையே கூடுதல் பயன் தருகிறது என்று காட்டினர். அடைப்பும் நிறைவும் ஒன்றல்ல என்பதை மருத்துவர்கள் நோயாளிகளிடமிருந்தே கற்றுக்கொண்டனர்.

குடல் அனுப்பும் செய்தி

1973இல் கிப்ஸ், யங், ஸ்மித் ஆகியோர் குடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன், எலிகள் உண்ணும் அளவைக் குறைப்பதாகக் கண்டனர். 1994இல் கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டினை ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவும், 1999இல் இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலினைக் கோஜிமா, கங்காவா ஆகியோரும் கண்டறிந்தனர்.

இதன் பின் அறுவையின் மர்மம் ஓரளவு அவிழ்ந்தது. 2002இல் டேவிட் கம்மிங்ஸ் குழு வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களிடம் கிரெலின் கூடியிருந்தது. மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களிடமோ அது மிகக் குறைவாக இருந்தது. முன்னவர்களின் உடல் பசியைக் கூட்டியது. பின்னவர்களிடம் அந்தக் கூக்குரல் எழவில்லை. கிரெலின் அளவு எல்லா ஆய்வுகளிலும் ஒரே வகையில் அமையவில்லை என்பதால், அது மட்டுமே காரணம் என்று கூற இயலாது.

அறுவைக்குப் பின் உணவு விரைவாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியை அடைகிறது. அங்குள்ள செல்கள் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய் ஆகிய ஹார்மோன்களை மிகுதியாகச் சுரக்கின்றன. போதும் என்ற செய்தியை மூளைக்குக் கொண்டு செல்பவை இவை. 2007இல் கார்ல் லெ ரூ குழுவினர் இந்த ஹார்மோன்களைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, மாற்றுவழி அறுவை செய்தவர்கள் கூடுதலாக உண்டனர். பட்டை பொருத்தியவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. இரு அறுவைகளும் நோயாளியைக் குறைவாக உண்ணவைத்தாலும், அதற்கான வழிகள் வேறு என்பதை இது உணர்த்தியது.

ஸ்லீவ் அறுவை

இரைப்பையின் முக்கால் பங்கிற்கும் மேல் நீளவாக்கில் வெட்டி அகற்றி, எஞ்சியதைச் சட்டைக் கைபோன்ற குழாயாக விடுவது ஸ்லீவ் அறுவை. இது முதலில் ஒரு பெரிய அறுவையின் பகுதியாக இருந்தது. மிகவும் பருமனானவர்களுக்கு முழு அறுவையும் ஒரே நேரத்தில் ஆபத்தாகும் என்பதால், 2000ஆம் ஆண்டையொட்டி இரு கட்டங்களாகச் செய்யத் தொடங்கினர். முதல் கட்டத்திலேயே சிலருக்குப் போதிய எடை குறைந்ததால் அதுவே தனி அறுவையாயிற்று. கிரெலின் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதி இதில் அகற்றப்படுகிறது. இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படும் எடைக் குறைப்பு அறுவை இதுவே.

தேறும் காலத்தில் உணவு

அறுவைக்குப் பின் தையல் ஆறுவதற்காக உணவு படிப்படியாகவே தரப்படுகிறது. முதலில் தெளிந்த நீர்மங்கள், பின் பால் போன்ற நீர்ம உணவு, அதன் பின் மசித்த உணவு, மென்மையான உணவு என்று சென்று, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவு தொடங்குகிறது. கால அளவு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுபடும். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. எனவே ஒவ்வொரு வேளையும் புரத உணவே முதலில் உண்ணப்படுகிறது.

நிறைவை அடையாளம் காண்பதே இக்காலத்தின் பெரும் பாடம். புதிய வயிற்றில் அது மார்பெலும்புக்குக் கீழே ஓர் அழுத்தமாகத் தோன்றுகிறது. சிலருக்கு விக்கல், தும்மல், மூக்கில் நீர் வடிதல், ஆழ்ந்த பெருமூச்சு ஆகியவையே அறிகுறிகள். அதற்கு மேல் ஒரு வாய் உண்டாலும் வலி, நுரைத்த எச்சில், வாந்தி ஆகியவை நேரலாம். நன்றாக மென்று, இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை மெதுவாக உண்பதும், உணவோடு நீர் அருந்தாமல் அரைமணி இடைவெளி விடுவதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

வேறு சிலருக்கு முதல் வாரங்களில் நிறைவே தெரிவதில்லை. நீர்ம உணவு இரைப்பையில் தங்காமல் இறங்கிவிடுவதும், அறுவையால் உணர்வு மந்தப்பட்டிருப்பதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அறுவை தோற்றுவிட்டதாக அவர்கள் அஞ்சுவதுண்டு. கெட்டியான உணவு தொடங்கியதும் பெரும்பாலோருக்கு நிறைவு தெரியத் தொடங்குகிறது. அதுவரை உணர்வை நம்பாமல், அளந்த உணவையே உண்ணுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

வயிற்றுப் பசி குறைந்தாலும் மனப் பசி குறைவதில்லை. துயரத்திலும் சலிப்பிலும் உணவைத் துணையாகக் கொண்டவர்களுக்கு அத்துணை திடீரென இல்லாமற் போகிறது. சிலர் மதுவுக்கு அடிமையாவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மாற்றுவழி அறுவைக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் கலப்பதும் இதற்குக் காரணம். ஆகவே உணவியல் வல்லுநரோடு மனநல வல்லுநரின் துணையும் தேவையாகிறது. இரும்பு, கால்சியம், பி12 போன்ற சத்துகளை வாழ்நாள் முழுவதும் மாத்திரையாகக் கொள்ளவேண்டும். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் தயமின் குறைந்து மூளை பாதிக்கப்படலாம் என்பதால், உடனே மருத்துவரை அணுகுவது இன்றியமையாதது.

இன்றைய நிலை

1991இல் அமெரிக்கத் தேசிய நல நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, உடல் நிறைச் சுட்டெண் 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 35க்கு மேல் இருந்து இணைநோய் உள்ளவர்களுக்கும் அறுவையைப் பரிந்துரைத்தது. 2022இல் அமெரிக்க, பன்னாட்டு அறுவை மருத்துவச் சங்கங்கள் இதை 35 என மாற்றின. ஆசிய மக்களிடம் 27.5 முதலே அறுவையைக் கருதலாம் என்றும் கூறின. சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு குறைவாக இருப்பதை 2007இல் காட்டியது. முதல் மாற்றுவழி அறுவையைச் செய்த மேசன் 2020இல் நூறு வயதில் காலமானார்.

2021இல் அமெரிக்காவில் எடைக் குறைப்புக்கு ஒப்புதல் பெற்ற செமாகுளூட்டைடு, ஜி.எல்.பி-1 ஹார்மோனைப் போலச் செயல்படும் ஊசி மருந்தாகும். மருந்தை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு இழந்த எடை மீண்டும் கூடுகிறது. அறுவை செய்தவர்களிலும் சிலருக்குச் சில ஆண்டுகளில் பசி திரும்புகிறது. உடற்பருமன் ஒருவரின் மன உறுதிக் குறைவு அன்று, நெடுங்காலம் கவனிக்கவேண்டிய நோய் என்ற கருத்தே இந்த வரலாற்றின் வழியே இன்று மருத்துவ உலகில் நிலைபெற்றுள்ளது.